டியூப்லைட்டிடம் சொன்ன சேதிகள்

லிஃப்ட்காரருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே ஆட்கள்தான் சாயங்காலம் அந்த வீட்டைத் தாண்டும்போது, அண்ணனும் தம்பியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதையும் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், அவர்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூடச் சிரித்ததில்லை.

சண்டை வந்தது தண்ணீரால். மாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்ட புண்ணியவான் அணைக்க மறந்துவிட்டார். தொட்டி நிரம்பி வழிந்து, கூரை வழியாக ஒழுகி, தம்பி கடை திறப்பதற்காக வாங்கி வைத்திருந்த புத்தம் புது ஜெராக்ஸ் மெஷினைக் குளிப்பாட்டிவிட்டது. மோட்டாரைப் போட்டது அண்ணன் என்றான் தம்பி. அணைக்க வேண்டிய முறை உன்னுடையது என்றார் அண்ணன். வாய் முற்றியது. "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றான் ஒருவன். "உன் மூஞ்சியைப் பார்க்க நான் தவமா கிடக்கிறேன்?" என்றார் மற்றவர். மெஷின் என்னவோ வெயிலில் காய்ந்ததும் நன்றாகவே ஓடியது. இவர்கள்தான் காயவில்லை.

வீட்டை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பக் கொத்தனார் வந்தார். நூல் பிடித்துக் கோடு போட்டு, செங்கல் அடுக்கிக்கொண்டே மேலே போனவர், கூரைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டார். அங்கேதான் டியூப்லைட் தொங்கியது. கூரையிலிருந்து இரண்டு கம்பிகளில், மிகச் சரியாகச் சுவரின் தலைக்கு மேலே, நீளவாக்கில்.

"லைட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் கொத்தனார்.

"என் பக்கம்" என்று இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது.

"அப்ப நீங்க பேசி முடிவு பண்ணிச் சொல்லியனுப்புங்க" என்று கரண்டியைக் கழுவிக்கொண்டு போனவர்தான். பேசினால்தானே முடிவு! அந்த ஒரு முழ இடைவெளி அப்படியே நின்றுவிட்டது. லைட்டின் சுவிட்ச் அண்ணன் பக்கம். அதற்குக் கரண்ட் வருவதோ தம்பியின் மீட்டரிலிருந்து. இவர் சுவிட்சைத் தட்ட வேண்டும், அவன் ஃபியூஸைப் பிடுங்காமல் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு குடும்பத்துக்கும் வெளிச்சம். வக்கீல் வைத்து எழுதியிருந்தால்கூட இப்படி ஓர் ஒப்பந்தம் அமைந்திருக்காது.

முதல் சில நாள் இரண்டு பக்கமும் மயான அமைதி. ஒருநாள் சாயங்காலம் லிஃப்ட்காரர் சுவிட்சைத் தட்டினார், லைட் எரியவில்லை. மறுபடி தட்டினார். தம்பியின் வேலையாகத்தான் இருக்கும் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவனிடம் பேசக் கூடாதே! அண்ணாந்து லைட்டைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்ப்பா டியூப்லைட்டு, உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதே லைட்டைப் பார்த்து, தம்பியின் குரல் வந்தது. "டியூப்லைட்டு, ஃபியூஸ் போயிடுச்சு, கம்பி மாத்திக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. அதுக்குள்ள குதிக்க வேணாம்னும் சொல்லு."

அவ்வளவுதான், வழி பிறந்துவிட்டது. அன்றிலிருந்து தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேருக்கும் செருப்பில் ஏதோ சிக்கிக்கொள்ளும். குனிந்து நோண்டிக்கொண்டே கடந்துவிடுவார்கள். சாயங்காலம் ஆனால் லைட்டைப் பார்த்து ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

"டியூப்லைட்டு, நாளைக்குத் தண்ணி வராதாம். வேணுங்கிறவங்க இன்னைக்கே பிடிச்சு வெச்சுக்கச் சொல்லு."

"டியூப்லைட்டு, அது நேத்துப் பேப்பர்லயே போட்டாச்சு. பேப்பர் படிக்கிற வீட்டுல எல்லாம் பிடிச்சாச்சு."

"அப்படியா? பேப்பர் யாரு காசுல வாங்குனதுன்னு கேளு. நேத்துக் காலையில என் வாசல்ல விழுந்த பேப்பரைக் காணோம்."

லைட் பாவம், இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும். அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் நிதானம் இருந்தது.

லிஃப்ட்காரருக்கு இப்படிப் பேசுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். மூலையில் ஒரு முக்காலி, தலைக்கு மேலே ஒரு குட்டி ஃபேன், பின்னால் ஓரம் கறுத்த கண்ணாடி. உள்ளே வருகிற யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கதவுக்கு மேலே ஓடுகிற நம்பரைத்தான் பார்ப்பார்கள். அவரும் அந்த நம்பரைப் பார்த்தபடியே ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசுவார். நான்காம் மாடிக்குள் ஒரு வியாதியை ஆரம்பித்து ஏழாம் மாடிக்குள் அதற்கு வைத்தியமும் சொல்லிவிடுவார். இப்போதெல்லாம் ஜனங்கள் பொத்தானைத் தாங்களே அமுக்கிவிடுகிறார்கள். அதில் அவருக்கு மகா வருத்தம்.

அவர் மனைவிக்கு இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அவளும் ஓரகத்தியும் வாசலில் நின்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள், கறிவேப்பிலையும் குடும்ப ரகசியமும் கைமாறும். "நாலடி நடந்து போய்ப் பேசினா கால் தேஞ்சா போயிடும்? இதுல அந்த லைட்டை வேற ஏன் பாடாப் படுத்தறீங்க?" என்பாள்.

"அவன் முதல்ல வரட்டும்" என்பார்.

"அவரும் அதையேதான் சொல்றாராம். ஒரே வயித்துல பொறந்ததுக்கு வேற அத்தாட்சியே வேணாம்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட்காரர் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, தம்பி கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, "டியூப்லைட்டு, ஜுரம் இறங்குச்சான்னு கேட்டுச் சொல்லு, டாக்டரை மாத்தணுமான்னும் கேளு" என்று ராத்திரி சாப்பாட்டு வேளை வரைக்கும் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான். பதில் சொல்லத் தெம்பில்லாமல் படுத்திருந்தவருக்கு மாத்திரை வேலை செய்ததோ இல்லையோ, அந்தக் குரல் வேலை செய்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உலகத்தில் கூடப் பிறந்தது என்று மிச்சமிருப்பது அந்தக் குரல் ஒன்றுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

இப்படியே வருஷங்கள் ஓடிய நிலையில்தான் தம்பியின் மகளுக்கு வேலை கிடைத்தது. கிடைத்த வேகத்தில் அவள் முதலில் செய்த காரியம், இரண்டு வீட்டுக்கும் எல்இடி லைட் வாங்கிவந்தது. பளபளவென்று அட்டைப் பெட்டியில், ஒல்லியாக, எடையே இல்லாமல் இருந்தன.

"பெரியப்பா, உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. அந்தக் கிழட்டு டியூப்லைட்டைக் கழட்டிட்டு, சுவருக்கு மேல இருக்கிற சந்தை மூடிடலாம். பல்லி அந்தப் பக்கம் சாப்பிட்டுட்டு இந்தப் பக்கம் வந்து தூங்குது" என்றாள்.

லிஃப்ட்காரர் அண்ணாந்து லைட்டைப் பார்த்தார். சந்தை மூடினால்? லைட் இல்லாவிட்டால்? யாரிடம் பேசுவது? அண்ணன் பேச ஆசைப்படுகிறார் என்று தம்பி வந்து நிற்பானா, இல்லை இவர்தான் போய் நிற்பாரா? ஆளுக்கொரு பக்கம் செத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"எல்இடி கண்ணுக்குக் கெடுதியாமே?" என்றார்.

"யாரு சொன்னா?"

"லிஃப்டுல ஒருத்தர் சொன்னார்."

"எத்தனாவது மாடி?"

"அஞ்சு."

"அஞ்சாவது மாடி முழுக்க எல்இடிதான் பெரியப்பா. உங்க ஆபீசுலயே மாத்திக்கிட்டு இருக்காங்க, நீங்கதானே சொன்னீங்க!"

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் ஏணியைச் சாத்தி மேலே ஏறி, தலையைச் சந்துக்குள் விட்டு, சோக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நாற்காலியில் இருந்த லிஃப்ட்காரர் வழக்கம்போல அண்ணாந்து கேட்டார்.

"ஏம்ப்பா, உன்னைக் கழட்டச் சொல்லி யாரு உத்தரவு போட்டது?"

எலக்ட்ரீஷியன் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். "என்னையா கழட்டப் போறீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து தம்பி, "உத்தரவு போட்டது பொண்ணு, நான் இல்லைன்னு சொல்லு. உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ இருந்துட்டுப் போ" என்றான்.

எலக்ட்ரீஷியன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் ஓர் ஆள் தன்னையே அண்ணாந்து பார்த்து உருகிக்கொண்டிருந்தால் மனிதர் என்ன செய்வார்? அவசரமாக இறங்கிவிட்டார். "பாப்பா, லைட்டு இன்னும் எரியுது. எரியறதை ஏன் பிடுங்கணும்? அது போனதும் சொல்லியனுப்பு, வரேன்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏதோ குடும்பத் தகராறு என்று மட்டும் அவருக்குப் புரிந்திருக்கும்.

"சரி, அதுவா சாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் பெண். வயசான டியூப், இரண்டு முனையும் கறுத்து, சோக்கு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நாள் தாங்கிவிடும் என்று அவள் நினைத்தாள்.

அங்கேதான் தப்புக்கணக்குப் போட்டாள். ஆபீசில் கழற்றிப்போட்ட பழைய டியூப்லைட்டெல்லாம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் விறகு மாதிரிக் குவிந்திருந்தன. லிஃப்ட்காரர் மேனேஜரிடம் கேட்டு, எரிகிறதா என்று சோதித்துப் பார்த்து, ஒன்றைப் பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏறினார். குழந்தையை ஏந்துவதுபோல அதை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி இருந்தவர்கள் தாங்களாகவே விலகி இடம் விட்டார்கள். பஸ்ஸில் அவ்வளவு சௌகரியமாக அவர் என்றுமே பயணம் செய்ததில்லை. கண்டக்டர்தான், "இதுக்கு டிக்கெட் எடுக்கணும், என்னைவிட உயரமா இருக்கு" என்றார்.

வீட்டு டியூப் கண் சிமிட்ட ஆரம்பித்தால் போதும், மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, மேஜை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவார். புதியது என்பது பேருக்குத்தான். அதுவும் அரை உயிராகத்தான் வரும், சில வாரத்தில் இழுத்துக்கொள்ளும். அடுத்தது வரும். "இது சாகவே மாட்டேங்குதே பெரியப்பா" என்று பெண் வாய்பிளந்து நிற்பாள். "அந்தக் காலத்துச் சரக்கு" என்பார் அவர், வெட்கமே இல்லாமல்.

ஒருநாள் மத்தியானம். விடுமுறை. காலையிலிருந்தே லைட் விட்டுவிட்டுத் துடித்து, கடைசியில் படுத்துவிட்டது. மனைவி வெளியே போயிருந்தாள். தம்பி கடையில் இருப்பான் என்ற தைரியத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு, டியூபும் கையுமாக ஸ்டூல் மேல் ஏறினார். இறந்துபோனதைத் திருப்பி உருவிச் சுவர் மேலேயே படுக்கப் போட்டார். அந்தப் பக்கம் ஏதோ கடகடவென்றது. பூனை என்று நினைத்தார்.

பூனை இல்லை. சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பிறகு ஒரு கை. கையில் ஒரு புது ஸ்டார்ட்டர்.

இரண்டு மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. லிஃப்ட்காரர் கையிலிருந்த டியூபைப் பார்த்தான் தம்பி. தம்பி கையிலிருந்த ஸ்டார்ட்டரைப் பார்த்தார் லிஃப்ட்காரர். இத்தனை நாளும் அவர் டியூபை மாற்ற, அவன் ஸ்டார்ட்டரை மாற்ற, இருவரும் திருட்டுத்தனமாக ஒரே பிணத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! திருடனும் திருடனும் முட்டிக்கொண்டால் யார் யாரைப் பிடிப்பது?

தம்பி கண்ணாடி போட்டிருந்தான். காதோரம் சுத்தமாக நரைத்திருந்தது. தினமும் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததில், அவன் மனசுக்குள் பழைய முகத்தோடேயே இருந்துவிட்டான். இவன் எப்போது கிழவனானான்? லிஃப்ட்காரர் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்க முன்னால் எட்டினார்.

"அண்ணே, ஸ்டூலு ஆடுது. பாத்து" என்றான் தம்பி.

லைட்டிடம் இல்லை. அவரிடம்.

"நீ கண்ணாடி போட்டிருக்கே" என்றார்.

"ம்."

"எப்ப போட்டே?"

"ரொம்ப நாளாச்சு."

"சொல்லவே இல்லையேடா."

தம்பி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்டார்ட்டரைப் பொருத்தித் திருகினான். இவர் டியூபைச் செருகித் திருப்பினார். ஒருவர் கை ஒருவர் மேல் பட்டது, சட்டென்று எடுத்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் மெல்ல இறங்கிப் போய் சுவிட்சைத் தட்டினார். லைட் இரண்டு தரம் இமைத்து, பிடித்துக்கொண்டது. நெஞ்சு கொள்ளாத சந்தோஷத்தோடு சந்தைப் பார்த்து, "தம்பி!" என்று கூப்பிட்டார்.

அந்தப் பக்கம் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வந்தது குரல். "டியூப்லைட்டு, கூப்பிட்டது யாருன்னு கேளு."

லிஃப்ட்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவனைக் குற்றம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. லைட் செத்துக் கிடந்தபோது வாய் திறந்தவன் அது எரிந்ததும் பழைய இடத்துக்கே ஓடிவிட்டான். அவர் இடத்தில் அவன் கூப்பிட்டிருந்தால் அவரும் அதையேதான் செய்திருப்பார். இந்த லைட் எரிகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் இப்படியேதான் கிழடாவோம் என்று அவருக்கு அன்றைக்குப் புரிந்தது. எடுத்துவிட்டால்? அவன் வரலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் அந்தக் குரலும் இல்லை. ஒரு வாரம் சோறு இறங்காமல் யோசித்தார்.

பிறகு தம்பி மகளை வாசலில் மறித்து, "அந்த எலக்ட்ரீஷியனை வரச் சொல்லும்மா. கொத்தனாரையும்" என்றார்.

"லைட்டுதான் நல்லா எரியுதே பெரியப்பா!"

"எரிஞ்சது போதும்."

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சோறு ஊட்டாத குறையா அதை வளர்த்தீங்க, இப்ப என்ன வந்துச்சு?"

எலக்ட்ரீஷியன் இந்தத் தடவை கீழே பார்க்காமலே வேலையை முடித்தார். ஃபிட்டிங், சோக்கு, எல்லாம் போயிற்று. ஆளுக்கொரு சுவரில் எல்இடி, ஆளுக்கொரு சுவிட்ச், அவரவர் கரண்ட். கொத்தனார் செங்கல்லை வைக்க வைக்க, சந்து குறுகிக்கொண்டே வந்தது. ஏதாவது சொல்வானா என்று லிஃப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தம்பி அங்கேதான் நிற்கிறான் என்பது இருமலில் தெரிந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. கடைசிக் கல்லும் ஏறிவிட்டது.

சாயங்காலம் சுவிட்சைத் தட்டினார். எல்இடி இமைக்கவில்லை, முனகவில்லை, தட்டியதும் எரிந்தது. அலமாரிக்கு மேலே ஒட்டடை, சுவரில் எண்ணெய்க் கறை, மனைவி துடைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்த ஜன்னல், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. "என்ன லைட்டோ, ஊரைக் கூட்டி மானத்தை வாங்குது" என்று அவள் துடைப்பத்தை எடுத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் நமநமவென்றது.

"வேணும்னா இந்த லைட்டுகிட்ட பேசிப் பாருங்களேன்" என்றாள் அவள்.

அண்ணாந்து பார்த்தார். "புதுசு. பழக்கமில்லை" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. லிஃப்டில் யார் ஏறினாலும் இறங்கினாலும் அவர் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று அவரையே ஜனங்கள் விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் திரும்ப வாசலுக்கு வந்தார். அவன் முதலில் வரட்டும் என்று எத்தனை வருஷம் சொல்லியாயிற்று! அவன் வராமலே போய்விட்டால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாலடி தூரம். அதற்குள் சொல்வதற்குக் காரணம் மேல் காரணமாக மனசில் அடுக்கினார். தண்ணீர் வரும் நேரம் மாறியிருக்கிறது என்று சொல்லலாம். கரண்ட் போகுமாம் என்று சொல்லலாம். சுவர்ப் பூச்சு காய்ந்ததா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லலாம், அதுதான் கௌரவமாக இருக்கும். கதவைத் தட்டினார்.

தம்பி திறந்தான். வேட்டி மடித்துக் கட்டி, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றான். அண்ணனைப் பார்த்ததும் வெங்காயம் கீழே விழுந்தது.

"என்னண்ணே?"

அடுக்கிய காரணமெல்லாம் எங்கே போயிற்றோ! ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஒண்ணுமில்லைடா" என்றார். "சும்மா வந்தேன்."

உள்ளே சமையலறையிலிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "யாருங்க வாசல்ல?"

"அண்ணன்" என்றான்.

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தனை அண்ணன்டி இருக்காங்க?" என்று கத்தினான் தம்பி. கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது. "ஒரே அண்ணன்தான். அவர்தான் வந்திருக்கார்."